கட்சி கற்றுத்தந்த பாடமும் கட்சியை விட்டுப் போனவர்களும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



அமெரிக்கத் தேர்தல் என்றால் நம் நாளிதழ்களில் இரண்டே கட்சிகள்தான் வரும். குடியரசுக் கட்சி ஒன்று, ஜனநாயகக் கட்சி மற்றொன்று. அந்நாட்டு வாக்குச்சீட்டில் 1972 முதல் மூன்றாவதாக இன்னொரு பெயரும் இருந்துவருகிறது. அது லிபர்டேரியன் கட்சி. அதன் வேட்பாளர் யாரும் அதிபரானதில்லை. ஒரு மாநிலத்தில்கூட முதலிடம் பிடித்ததில்லை. இருந்தும், அந்தக் கட்சி பெற்ற வாக்குகளைத் தேர்தல்தோறும் வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. 2016-இல் அதன் வேட்பாளர் கேரி ஜான்சன் 44 லட்சத்து 89 ஆயிரம் வாக்குகள் பெற்றார். 2020-இல் ஜோ ஜார்கன்சன் பெற்றது 18 லட்சத்து 65 ஆயிரம். 2024-இல் சேஸ் ஆலிவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ ஆறரை லட்சம். எட்டே ஆண்டுகளில் ஏழில் ஆறு பங்கு கரைந்துவிட்டது. வந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், பிறகு எங்கே போனார்கள்? இன்றைய உரை இந்தக் கேள்வியைப் பற்றியது.

கொள்கையை அறியாதவர்களுக்காக ஒரு சில சொற்கள். வரி குறைய வேண்டும், அரசு சிறுக்க வேண்டும், சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பார்கள் லிபர்டேரியன்கள் எனப்படும் சுதந்திரவாதிகள். போதைப்பொருள் பயன்படுத்துபவரைச் சிறையில் அடைக்கக் கூடாது, யார் யாரை மணப்பது என்பதில் அரசுக்கு வேலையில்லை, அயல்நாட்டுப் போர்களுக்குப் படை அனுப்பக் கூடாது என்பதையும் அதே உறுதியோடு சொல்வார்கள். கட்சியில் உறுப்பினராகச் சேர்பவர், அரசியல் நோக்கத்துக்காகவோ சமூக நோக்கத்துக்காகவோ பிறர்மீது முதலில் பலத்தைப் பயன்படுத்துவதை ஏற்பதில்லை என்று கையெழுத்திட வேண்டும்.

நான் முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். பெரிய கட்சியிலிருந்து இந்தப் பக்கம் வரும் வாக்காளர்களில் மிகப் பலர் புதிய கொள்கை ஒன்றைக் கண்டு கவரப்பட்டு வருவதில்லை. தம் பழைய கட்சி மேடைதோறும் முழங்கியதை அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். கட்சி ஆட்சியில் அமர்ந்து அதற்கு நேர்மாறாக நடந்தபோது, நம்பியதை வைத்துக்கொண்டு கட்சியை விட்டார்கள். கட்சி மறுபடி அந்தப் பேச்சைப் பேசியபோது திரும்பியும் போனார்கள். ஆகவே லிபர்டேரியன் கட்சியின் வாக்கு ஏறுவதும் இறங்குவதும் பெரிய கட்சியின் நடத்தையைப் பொறுத்தது.

அரசுப் பள்ளியும் அரசு மருத்துவமனையும் வேண்டும் என்று கருதுபவன் நான். சுதந்திரவாதிகளின் பொருளாதாரம் எனக்கு உடன்பாடன்று. ஆனால் வாக்குறுதியைக் கட்சியிடம் திருப்பிக் கேட்கிற வாக்காளர்மீது எனக்கு மதிப்பு உண்டு. அவரை விசித்திரப் பிறவியாகக் காட்டும் எழுத்துகள் போதுமான அளவு வந்துவிட்டன.

1. பாடம் தொடங்கிய இடம்

1960-இல் அரிசோனா மாநில செனட்டர் பாரி கோல்ட்வாட்டரின் பெயரில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. ‘த கான்ஷியன்ஸ் ஆஃப் எ கன்சர்வேட்டிவ்’ என்பது அதன் பெயர். எழுதிக்கொடுத்தவர் பிரெண்ட் போசெல். அரசியலமைப்புச் சட்டம் அனுமதித்ததற்கு மேல் மத்திய அரசு எதையும் செய்யக் கூடாது என்பது அந்நூலின் சாரம். கல்லூரி மாணவர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துக் கோல்ட்வாட்டர் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். படுதோல்வி அடைந்தார், அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 538 தேர்வாளர் வாக்குகளில் 52 மட்டுமே கிடைத்தன.

அந்தப் பாடத்தைக் கேட்டவர்கள் இரண்டு வகையினர் என்பதை மறைக்கக் கூடாது. கோல்ட்வாட்டர் வென்ற ஆறு மாநிலங்களில் அவருடைய சொந்த மாநிலம் தவிர மற்ற ஐந்தும் ஆழ்தெற்கைச் சேர்ந்தவை. அவர் 1964-ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக வாக்களித்தவர். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வருவதை விரும்பாத வெள்ளையர்கள், ‘மத்திய அரசே, எங்கள் மாநிலத்தில் தலையிடாதே’ என்ற முழக்கத்தில் தமக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டார்கள். மற்றொரு சாரார் அதே முழக்கத்தை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் கட்சியை விட்டுப் போனவர்கள் இந்த இரண்டாம் சாராரிலிருந்து வந்தவர்கள்.

இவர்களைக் கட்சிக்குள் பிடித்துவைக்க ஒரு தத்துவமும் உருவாகியிருந்தது. ‘நேஷனல் ரெவ்யூ’ இதழில் எழுதிய ஃபிராங்க் மேயர், மரபையும் மதத்தையும் போற்றுபவர்களும் தனிமனிதச் சுதந்திரத்தைப் போற்றுபவர்களும் ஓரணியில் நிற்க முடியும் என்று வாதிட்டார். சோவியத் ஒன்றியம் இருந்தவரை இரு தரப்புக்கும் பொது எதிரி இருந்தது. அந்தக் கூட்டணியின் வாரிசாக வந்தவர் ரொனால்ட் ரீகன். 1975-இல் ‘ரீசன்’ இதழுக்கு அளித்த பேட்டியில், பழமைவாதத்தின் இதயமும் ஆன்மாவும் சுதந்திரவாதமே என்று அவர் சொன்னார். பின்னாளில் அதிபரான ஒருவர் இப்படிச் சொல்லும்போது, கேட்ட வாக்காளர் அதை நம்பியது பேதைமையாகுமா?

2. முதல் பிளவு

1969 ஆகஸ்டில் செயின்ட் லூயி நகரில் ‘யங் அமெரிக்கன்ஸ் ஃபார் ஃப்ரீடம்’ என்ற பழமைவாத இளைஞர் அமைப்பின் மாநாடு கூடியது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம். இளைஞர்களைக் கட்டாயமாகப் படைக்கு எடுக்கும் முறை நடப்பில் இருந்தது. வருமானத்தில் ஒரு பங்கை வரியாக எடுப்பதே அநீதி என்று சொல்லும் இயக்கம், பத்தொன்பது வயதுப் பையனின் உடலையே அரசு எடுத்துக்கொள்வதை எப்படி ஏற்கலாம்? இதுதான் அங்கு எழுந்த கேள்வி. மாநாட்டு அரங்கிலேயே ஒருவர் தம் படைச் சேர்ப்பு அட்டையைக் கொளுத்தினார். கூச்சல், தள்ளுமுள்ளு. சுதந்திரவாதிகள் அந்த அமைப்பிலிருந்து பெருமளவில் விலகினார்கள், அல்லது விலக்கப்பட்டார்கள். கோல்ட்வாட்டருக்கு உரைகள் எழுதித்தந்த கார்ல் ஹெஸ் அதற்குள் போர் எதிர்ப்பாளர்களின் பக்கம் வந்திருந்தார். வரி கட்ட மறுத்து, வெல்டிங் வேலை செய்து பிழைத்தார்.

இரண்டாண்டு கழிந்து, 1971 ஆகஸ்ட் 15 ஞாயிறு இரவு, அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றினார். அவர் குடியரசுக் கட்சிக்காரர். தடையற்ற சந்தை, நேர்மையான நாணயம் என்று பேசி வாக்குக் கேட்ட கட்சியின் தலைவர். அன்றிரவு அவர் அறிவித்தவை மூன்று. கூலியும் விலையும் 90 நாள்களுக்கு உறைநிலையில் வைக்கப்படும். அயல்நாட்டு அரசுகள் டாலரைக் கொடுத்துத் தங்கம் வாங்கும் வசதி நிறுத்தப்படும். இறக்குமதிப் பொருள்கள்மேல் 10 விழுக்காடு கூடுதல் வரி விதிக்கப்படும்.

இதன் அதிர்ச்சியை இன்று உணர்வது கடினம். விலைவாசியை அரசு ஆணையிட்டு நிறுத்துவது சோவியத் பாணி என்று பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த கட்சியின் அதிபரே அதைச் செய்தார். அடுத்த பங்குச் சந்தை நாளில் பங்கு விலைகள் ஏறின. மக்களில் பெரும்பாலோர் வரவேற்றார்கள். அடுத்த ஆண்டு நிக்சன் 49 மாநிலங்களில் வென்றார். தேர்தல் கணக்கில் அது வெற்றிதான். ஆனால் கொலராடோ மாநிலத்தில் டேவிட் நோலன் என்ற முப்பது வயதைத் தொடாத இளைஞரும் அவருடைய நண்பர்களும், இந்தக் கட்சியில் இனி இருப்பதற்கில்லை என்று முடிவுசெய்தார்கள். 1971 டிசம்பர் 11-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் லிபர்டேரியன் கட்சி முறைப்படி தொடங்கப்பட்டது.

முதல் தேர்தல் 1972. அதிபர் வேட்பாளர் ஜான் ஹாஸ்பர்ஸ் தத்துவப் பேராசிரியர். துணை அதிபர் வேட்பாளர் டோனி நேத்தன். இரண்டே மாநிலங்களில்தான் அவர்கள் பெயர் வாக்குச்சீட்டில் இடம்பெற்றது. நாடு முழுதும் கிடைத்தவை நான்காயிரத்துக்கும் குறைவான வாக்குகள்.

அத்தோடு அது முடிந்திருக்கும்; ஒரு தேர்வாளரால் அப்படி முடியவில்லை. அமெரிக்காவில் மக்கள் நேரடியாக அதிபரைத் தேர்வதில்லை. மாநிலவாரியாகத் தேர்வாளர்களை அனுப்புகிறார்கள், அந்தத் தேர்வாளர்களே அதிபருக்கு வாக்களிக்கிறார்கள். விர்ஜினியாவிலிருந்து நிக்சனுக்கு வாக்களிக்க அனுப்பப்பட்டவர்களில் ரோஜர் மெக்பிரைட் என்ற வழக்கறிஞரும் ஒருவர். குடியரசுக் கட்சிக்காரர். நிக்சன் அமோகமாக வென்றுவிட்ட நிலையில், அவர் தம் வாக்கை ஹாஸ்பர்ஸுக்கும் நேத்தனுக்கும் போட்டார். அமெரிக்க வரலாற்றில் தேர்வாளர் வாக்குப் பெற்ற முதல் பெண் டோனி நேத்தன். அந்தப் பெருமை இரண்டு பெரிய கட்சிகளுக்கும் கிடைக்கவில்லை.

மெக்பிரைட்டின் கட்சியே ஆட்சியில் இருந்தது, வென்றும்விட்டது. விலகுவதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. கட்சி எதற்காக வென்றது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமல்தான் அவர் போனார். பின்வந்த லட்சக்கணக்கானோரின் மனநிலையை அந்த ஒற்றை வாக்கில் நான் காண்கிறேன்.

3. எதிர்க்கட்சிக்கு ஏன் போகவில்லை?

கோபம்தான் காரணமென்றால் ஜனநாயகக் கட்சிக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். சிலர் போனார்கள். போகாதவர்களின் நிலையை விளக்க நோலன் ஒரு வரைபடம் போட்டார். அரசியலை இடது வலது என்ற ஒரே கோட்டில் வைப்பது தவறு என்பது அவர் வாதம். பொருளாதாரச் சுதந்திரத்தை ஓர் அச்சிலும் தனிவாழ்க்கைச் சுதந்திரத்தை மற்றோர் அச்சிலும் வைத்தால், பழமைவாதி முன்னதில் கூடுதலும் பின்னதில் குறைவுமாக நிற்பார். தாராளவாதி மறுதலையாக நிற்பார். இரண்டிலும் கூடுதல் வேண்டும் என்பவருக்கு அந்த ஒற்றைக் கோட்டில் இடமே இல்லை.

வரைபடத்தின் அறிவியல் தகுதி பற்றி எனக்கு ஐயம் உண்டு. வறுமையில் இருப்பவருக்குச் சுதந்திரம் என்பது என்ன என்ற கேள்வியை அது தொடுவதேயில்லை. ஆனால் விலகி வந்தவருக்கு அது ஒரு பெரிய உதவி செய்தது. கட்சி மாறியவர் என்று உலகம் சொல்லும்போது, நான் மாறவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறேன் என்று விரல் வைத்துக் காட்ட அவருக்கு ஓர் இடம் கிடைத்தது. ஜனநாயகக் கட்சிக்குப் போனால் வரி, சந்தை, துப்பாக்கி உரிமை என்று பழைய நம்பிக்கைகளில் பாதியைக் கைவிட வேண்டும். இங்கே எதையும் கைவிட வேண்டியதில்லை. நம்பியதை முடிவுவரை கொண்டுபோனால் போதும்.

4. போனவர்கள் திரும்புவது

1978-இல் அலாஸ்காவில் டிக் ராண்டால்ஃப் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். லிபர்டேரியன் கட்சியின் பெயரில் ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் ஆள் அவர்தான். 1980-இல் அதிபர் வேட்பாளர் எட் கிளார்க். துணை அதிபர் வேட்பாளர் டேவிட் கோக், பெரும் எண்ணெய்த் தொழில் குடும்பத்தைச் சேர்ந்தவர். வேட்பாளர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட வரம்பு இல்லை என்று 1976-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்ததால், கோக் வேட்பாளரானதே கட்சிக்குப் பெரும் பணவரவு. கிளார்க் 9 லட்சத்து 21 ஆயிரம் வாக்குகள் பெற்றார். அலாஸ்காவில் பதினொன்றரை விழுக்காட்டுக்கும் மேல்.

அடுத்த தேர்தலில், 1984-இல், கட்சி பெற்றது 2 லட்சத்து 28 ஆயிரம். கோக் குடும்பத்தின் பணம் வராததும், உட்கட்சிச் சண்டையும் காரணங்கள்தாம். ஆனால் முதன்மைக் காரணம் ரீகன் என்று நினைக்கிறேன். வரியைக் குறைத்தார், அரசே பிரச்சினை என்று பேசினார். கோல்ட்வாட்டர் காலத்துப் பாடம் வெள்ளை மாளிகையிலிருந்தே மறுபடி கேட்டது. போனவர்கள் திரும்பிவிட்டார்கள்.

எதிர்த்திசையில் போனவர் ஒருவரும் உண்டு. டெக்சாஸ் மாநிலத்து மகப்பேறு மருத்துவர் ரான் பால், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசில் குடியரசுக் கட்சி உறுப்பினராக இருந்தவர். ரீகன் ஆட்சியில் மத்திய அரசின் கடன் ஏறத்தாழ மூன்று மடங்காகப் பெருகியது. செலவைக் குறைப்போம் என்று சொன்ன கட்சி அதைச் செய்யவில்லை என்று குற்றம்சாட்டி அவர் 1987-இல் கட்சியை விட்டார். மறுஆண்டு லிபர்டேரியன் வேட்பாளராக நின்று நாலேகால் லட்சத்துக்குச் சற்று மேல் வாக்குகள் பெற்றார். பிறகு 1996-இல் அவரும் குடியரசுக் கட்சியின் வழியாகவே காங்கிரசுக்குத் திரும்பினார். வெளியே இருந்து எதையும் அசைக்க முடியவில்லை என்று அவர் கண்டுகொண்டிருக்க வேண்டும்.

5. புஷ் காலம்

இந்த உரையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தப் பகுதியைத்தான். ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அதிபராக இருந்த காலத்தின் பெரும்பகுதியில் காங்கிரசின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தன. எதிர்க்கட்சி தடுத்துவிட்டது என்று சொல்ல வழியில்லாத காலம் அது. கட்சியின் பாடம் உண்மையா என்பது இந்தக் காலத்தில் சோதிக்கப்பட்டது.

2001 அக்டோபரில் பேட்ரியாட் சட்டம் வந்தது. குடிமக்களின் தொலைபேசிப் பதிவுகளும் நூலகப் பதிவுகளும்கூட அரசின் பார்வைக்குள் வந்தன. பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்று சொல்லிவந்த கட்சி, நாடு முழுதும் தேர்வுகளைக் கட்டாயமாக்கும் கல்விச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2003 மார்ச்சில் ஈராக் போர். அதற்கு அனுமதி தரும் தீர்மானத்தைக் கீழவையில் எதிர்த்த குடியரசுக் கட்சியினர் ஆறே பேர். அவர்களில் ரான் பால் ஒருவர். அதே ஆண்டு நவம்பரில், முதியோர்க்கு மருந்துச் செலவில் ஒரு பகுதியை அரசே ஏற்கும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. வழக்கமாகப் பதினைந்து நிமிடத்தில் முடியும் வாக்கெடுப்பு, விடியற்காலை மூன்று மணிக்குத் தொடங்கி ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீட்டிக்கப்பட்டது. எதிர்த்து வாக்களித்த சொந்தக் கட்சிக்காரர்களைத் தனித்தனியே பிடித்துப் பேசி மாற்றி, பொழுது விடியும்போது நிறைவேற்றினார்கள். அந்த மருந்து உதவி நல்லது என்பது என் கருத்து. ஆனால் அரசின் செலவைக் குறைப்பேன் என்று சொல்லி வாக்கு வாங்கியவர்கள், இத்தனை பெரிய நலத்திட்டத்தை இப்படி நிறைவேற்றினார்கள் என்பதை அவர்களுடைய வாக்காளர் எப்படிப் பார்த்திருப்பார்?

எல்லாவற்றையும்விடப் பலரை உலுக்கியது ஒரு மருத்துவமனைப் படுக்கை. ஃபுளோரிடாவில் டெரி ஷைவோ என்ற பெண் பதினைந்து ஆண்டுகளாக உணர்விழந்து கிடந்தார். உணவுக் குழாயை அகற்ற வேண்டும் என்றார் கணவர்; கூடாது என்றார்கள் பெற்றோர். மாநில நீதிமன்றங்கள் பலமுறை விசாரித்துக் கணவர் பக்கம் தீர்ப்பளித்தன. 2005 மார்ச்சில், அந்த ஒரு குடும்பத்தின் வழக்குக்காகவே காங்கிரஸ் அவசரமாகக் கூடி ஒரு சட்டம் இயற்றியது. டெக்சாஸில் விடுமுறையில் இருந்த அதிபர் விமானத்தில் திரும்பி வந்து நள்ளிரவுக்குப் பின் கையெழுத்திட்டார். உங்கள் வீட்டு விவகாரத்தில் வாஷிங்டன் நுழையாது என்று நாற்பது ஆண்டுகளாகச் சொன்ன கட்சி செய்தது இது. மேயர் ஒட்டவைத்த இரு தரப்பில், மதத்தைப் போற்றும் தரப்பு வென்றுவிட்டது என்று மற்றத் தரப்பு அன்று உணர்ந்தது.

2008 அக்டோபரில், சரிந்த வங்கிகளைத் தூக்கிநிறுத்த 70,000 கோடி டாலர் ஒதுக்கும் சட்டத்தில் புஷ் கையெழுத்திட்டார். லாபம் வந்தால் முதலாளிக்கு, நட்டம் வந்தால் குடிமக்களுக்கு என்ற அந்த ஏற்பாட்டை இடதுசாரிகளும் சுதந்திரவாதிகளும் ஒரே குரலில் எதிர்த்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் 2008-இல் லிபர்டேரியன் வேட்பாளர் பாப் பார் பெற்றது ஐந்தேகால் லட்சத்துக்கும் குறைவான வாக்குகளே. என் கருத்துக்கு இது முரண் என்று நீங்கள் சொல்லலாம். விடை, ரான் பாலின் கூட்டங்களில் இருக்கிறது. அவர் அவ்வாண்டு குடியரசுக் கட்சிக்கு உள்ளேயே அதிபர் வேட்பாளர் போட்டியில் நின்றார். 2007 டிசம்பர் 16-ஆம் நாள் ஒன்றில் மட்டும் இணையத்தின் வழியே அவருக்கு 60 லட்சம் டாலர் நன்கொடை குவிந்தது. பெரும்பகுதி சாதாரண மக்களின் சிறு தொகை. கட்சியைத் திருத்த முடியும் என்று நம்பும் வரை வாக்காளர் வெளியேறுவதில்லை. 2012-லும் அவர் நின்றார். இருபது லட்சம் பேர் வாக்களித்தார்கள். அவ்வாண்டு தாம்பா நகரில் கூடிய தேசிய மாநாட்டில், மெய்ன் மாநிலத்திலிருந்து வந்த அவருடைய பிரதிநிதிகளில் ஒரு பகுதியினருக்கு இடம் மறுக்கப்பட்டது. சிறு குழுக்கள் இனி இப்படி வளராதபடி விதிகளும் மாற்றப்பட்டன. பலர் முழக்கமிட்டபடி அரங்கைவிட்டு வெளிநடப்புச் செய்தார்கள். அந்த நவம்பரில் லிபர்டேரியன் கட்சி முதன்முறையாகப் பத்து லட்சத்தைத் தாண்டியது.

6. 2016: கதவு அகலத் திறந்தது

அவ்வாண்டு குடியரசுக் கட்சி டொனால்ட் ட்ரம்பை வேட்பாளராக்கியது. சுங்கவரியை ஆதரித்தார், தடையற்ற வணிகத்தை எதிர்த்தார், அரசின் ஓய்வூதியத் திட்டத்தில் கைவைக்க மாட்டேன் என்றார். லிபர்டேரியன் கட்சி நிறுத்திய இருவருமே குடியரசுக் கட்சியின் முன்னாள் ஆளுநர்கள்: நியூ மெக்சிகோவில் இருமுறை ஆண்ட கேரி ஜான்சன், மாசசூசெட்ஸில் ஆண்ட பில் வெல்ட். கோடைக்காலக் கருத்துக்கணிப்புகளில் ஜான்சனுக்கு எட்டு, ஒன்பது விழுக்காடு ஆதரவு தெரிந்தது. இறுதியில் 3.28 விழுக்காடு. நியூ மெக்சிகோவில் மட்டும் ஒன்பதுக்கு மேல்.

நடுவில் குறைந்ததற்குக் காரணங்கள் தெளிவு. தொலைக்காட்சி விவாதத்தில் பங்கேற்க 15 விழுக்காடு ஆதரவு வேண்டும், அது இல்லை. சிரியப் போரில் அலெப்போ நகர நிலைமை பற்றிக் கேட்டபோது, அலெப்போ என்பது என்ன என்று ஜான்சன் திருப்பிக் கேட்டது அவரைப் பெரிதும் பாதித்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, பெரும்பாலான மாநிலங்களில் அதிக வாக்குப் பெற்றவருக்கே மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர்களும் என்ற விதி. வெறுக்கும் வேட்பாளர் வந்துவிடுவாரோ என்ற அச்சத்தில், தேர்தல் நெருங்க நெருங்க வாக்காளர் பழைய கட்சிக்குத் திரும்பினார்.

ஜான்சனுக்கு வாக்களித்த ஏறத்தாழ 45 லட்சம் பேரும் குடியரசுக் கட்சியிலிருந்து வந்தவர்கள் அல்லர். ஒபாமா ஆட்சியில் ஆளில்லா விமானத் தாக்குதல்களையும், எட்வர்ட் ஸ்னோடன் வெளிப்படுத்திய உளவுத் திட்டங்களையும் கண்டு மனம்வெறுத்த இளைஞர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்கும் நான் சொல்லும் விளக்கமே பொருந்துகிறது. கண்காணிப்பைக் குறைப்பேன் என்று சொன்னவர் குறைக்கவில்லை.

7. வாக்கைத் திருடியவர்கள் யார்?

2020-இல் அரிசோனாவில் பைடன் வென்றது 10,457 வாக்கு வித்தியாசத்தில், ஜார்ஜியாவில் 11,779, விஸ்கான்சினில் 20,682. மூன்றிலும் ஜார்கன்சன் பெற்ற வாக்குகள் இந்த வித்தியாசத்தைவிட அதிகம். அதே நாளில் ஜார்ஜியாவில் நடந்த செனட் தேர்தலில் குடியரசுக் கட்சியின் டேவிட் பெர்டியூ 49.7 விழுக்காடு பெற்றார். அங்கே 50 விழுக்காட்டைத் தாண்டினால்தான் வெற்றி. லிபர்டேரியன் வேட்பாளர் ஷேன் ஹேசல் எடுத்த இரண்டு விழுக்காட்டுச் சொச்சத்தால் மறுதேர்தல் வந்தது. 2021 ஜனவரியில் பெர்டியூ தோற்றார். செனட் சபையின் கட்டுப்பாடே கைமாறியது.

எங்கள் வாக்கைத் திருடிவிட்டார்கள் என்று தோற்ற கட்சியினர் சொல்கிறார்கள். இந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. வாக்கு வாக்காளருடையது. 2016-இல் ஜான்சனுக்கு வாக்களித்தவர்களிடம், இரண்டே வேட்பாளர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டபோது, வாக்களிக்கவே வந்திருக்க மாட்டோம் என்று பலர் சொன்னார்கள். கட்சி அவர்களை இழந்தது தேர்தல் நாளில் அல்ல. அதற்கு வெகு காலம் முன்பே இழந்துவிட்டது. உரிமை கொண்டாடுவதற்குப் பதில், என்ன சொன்னோம், என்ன செய்தோம் என்று கட்சி கணக்குப் பார்க்க வேண்டும்.

8. ஜஸ்டின் அமாஷ்

கடைசியாக ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். அகதியாக வந்த பாலஸ்தீனத் தந்தைக்கும் சிரியத் தாய்க்கும் மிச்சிகன் மாநிலத்தில் பிறந்தவர் ஜஸ்டின் அமாஷ். 2010-இல் குடியரசுக் கட்சியின் சார்பில் காங்கிரசுக்குத் தேர்வானார். தாம் அளித்த ஒவ்வொரு வாக்குக்கும் காரணத்தை ஃபேஸ்புக்கில் எழுதிவிடுவார். 2013-இல், குடிமக்களின் தொலைபேசிப் பதிவுகளை மொத்தமாகத் திரட்டும் உளவுத் திட்டத்துக்கு நிதியை நிறுத்தும் திருத்தம் கொண்டுவந்தார். இரு கட்சிகளிலிருந்தும் ஆதரவு கிடைத்தது. 205-க்கு 217 என்று தோற்றது. ட்ரம்ப் பதவிநீக்கத்துக்கு உரிய செயல்களைச் செய்தார் என்று 2019-இல் வெளிப்படையாகச் சொன்ன முதல் குடியரசுக் கட்சிக் காங்கிரஸ் உறுப்பினர் அவர். அவ்வாண்டு ஜூலை 4 அன்று கட்சியை விட்டார். 2020 ஏப்ரலில் லிபர்டேரியன் ஆனார். அதிபர் தேர்தலில் நிற்க எண்ணி, சில வாரங்களில் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். மறுபடி காங்கிரசுக்கும் நிற்கவில்லை.

அவர் போய்ச் சேர்ந்த கட்சி அதன்பின் மாறியது. 2022-இல் ரெனோ நகரில் கூடிய மாநாட்டில், ஜான்சன், வெல்ட் போன்றோரின் மிதமான போக்கை வெறுத்த ஓர் அணி தலைமையைக் கைப்பற்றியது. 2024 மே மாதம் வாஷிங்டனில் கூடிய மாநாட்டுக்கு ட்ரம்பே வந்து ஆதரவு கேட்டார். அரங்கில் பலர் கூச்சலிட்டு எதிர்த்தார்கள். இணையக் கள்ளச்சந்தை நடத்தியதற்காக ஆயுள் தண்டனை பெற்றிருந்த ராஸ் உல்பிரிக்டை விடுவிப்பேன் என்று அவர் அங்கே வாக்குறுதி தந்தார். சுதந்திரவாதிகள் பல்லாண்டுகளாகக் கேட்டுவந்தது அது. பதவியேற்ற மறுநாள், 2025 ஜனவரி 21-இல், முழு மன்னிப்பு அளித்து அந்த வாக்குறுதியை நிறைவேற்றினார். அதே ஆண்டு ஏப்ரல் 2-இல், ஏறத்தாழ எல்லா நாட்டு இறக்குமதிகளுக்கும் குறைந்தது 10 விழுக்காடு சுங்கவரி என்றும் அறிவித்தார்.

அமாஷ் அதற்குள் குடியரசுக் கட்சிக்குத் திரும்பியிருந்தார். 2024 ஆகஸ்டில் மிச்சிகன் செனட் தொகுதிக்கான கட்சியின் உட்தேர்தலில் நின்று, ட்ரம்பின் ஆதரவு பெற்ற மைக் ராஜர்ஸிடம் பெருவாரியான வித்தியாசத்தில் தோற்றார். 2020 ஏப்ரல் முதல் 2021 ஜனவரி வரையிலான அந்தச் சில மாதங்கள் அமெரிக்கக் காங்கிரசில் லிபர்டேரியன் கட்சிக்கு ஓர் உறுப்பினர் இருந்தார். அவருக்கு முன்னும் யாரும் இல்லை, பின்னும் யாரும் இல்லை. அந்த இடத்துக்கும் அவர் குடியரசுக் கட்சியின் பெயரில் வென்றே வந்திருந்தார்.